36 தவணை முடிந்த பிறகுதான் பத்திரமா?

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது. சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். 9 வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். எங்கள் பக்கத்து ஊரில் 1 ஏக்கர் 10 சென்ட் புஞ்சை விலைக்கு வருகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் 10 லட்சம். அவ்வளவு கையில் இல்லை என்றதும் நிலத்துக்காரரே ஒரு வழி சொன்னார். 3 லட்சம் முன்பணம், பிறகு மாதம் 25,000 வீதம் 36 மாதம். வட்டி கிடையாது, கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம் போட்டுத் தருவாராம். அதுவரை ஒரு ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். நிலம் அவருடைய அப்பா வாங்கியது. அப்பா இறந்து, பட்டா இப்போது இவர் பெயரில் இருக்கிறது. இரண்டு அக்காக்களையும் எப்போதோ கட்டிக்கொடுத்துவிட்டதால் பிரச்சினை இல்லையாம். இதற்கிடையில், வெளிநாட்டில் இருப்பவர் விவசாய நிலம் வாங்கக்கூடாது என்று எங்கள் ரூமில் ஒருவர் சொல்கிறார். என் பெரியப்பா மகனோ, "என் பேர்ல வாங்கிப் போடு, திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்" என்கிறார். பணத்தையும் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் வழியாக, அனுப்பினால் அவரே கொடுத்துவிடுவாராம். பங்குனியில் லீவு. அப்போது முன்பணம் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், துவாஸ்

பதில்:

தம்பி, முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்பது புரிந்த பிறகுதான் நிம்மதியாக உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். ஊர்ச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துதான் "கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள்.

உங்கள் ரூம்காரர் சொன்னது சரி. அந்தப் புஞ்சையை உங்கள் பெயரில் நீங்கள் வாங்க முடியாது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா என்று சொல்வார்களே, அதன் விதிப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. "என் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தானே, ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதே" என்பீர்கள். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் வசிப்பவர். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட், நிரந்தரவாசியான பிஆர் எல்லாருக்கும் இதே கதைதான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கும் இதுவே விதி.

அப்பா வழியில் வாரிசாக வரும் விவசாய நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. ஊரில் இருந்த காலத்தில் நீங்களே வாங்கிய நிலம் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்ட பிறகு வாங்கினாலும் தவறில்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு விலைக்கு வாங்குவதுதான் முடியாது. "அவர் வாங்கினாரே, சார்பதிவாளர் பதிந்து கொடுத்தாரே" என்று நாலு பேர் உதாரணம் காட்டுவார்கள். சார்பதிவாளர் பதிந்துவிட்டதால் ஃபெமாவில் தப்பித்ததாக ஆகாது. மாட்டினால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்து அவர் மூலம் வாங்கினாலும் பத்திரத்தில் வாங்குபவர் நீங்கள்தான் என்பதால் அதுவும் உதவாது.

அடுத்து, பெரியப்பா மகன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். பணம் உங்களுடையது, பத்திரம் அவர் பெயரில், அனுபவம் பின்னால் உங்களுக்கு என்றால் அதற்குச் சட்டத்தில் பினாமி என்று பெயர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்திப் பல்லை நன்றாகவே கூர்மையாக்கிவிட்டார்கள். சொத்து பறிமுதல், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். இதில் இன்னொரு வேடிக்கை, அவர் நாளைக்கு "நிலம் என்னுடையது" என்று சொல்லிவிட்டால், "இல்லை, என் பணத்தில் வாங்கியது" என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்காது. உண்டியல் பேச்சையும் இத்தோடு விட்டுவிடுங்கள். அப்படிப் போன பணத்துக்கு இங்கேயும் சீட்டு இல்லை, அங்கேயும் சாட்சி இல்லை.

அப்படியானால் வழியே இல்லையா? உங்கள் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மனைவி ஊரில் இருக்கிறார், இந்தியாவில் வசிப்பவர். அவர் விவசாய நிலம் வாங்க எந்தத் தடையும் இல்லை. கணவன் தன் கணக்குக் காட்டக்கூடிய வருமானத்திலிருந்து மனைவி பெயரில் வாங்குவதைப் பினாமிச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. நீங்கள் மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு அன்பளிப்பு என்ற வகையில் அவருக்கு வரியும் வராது. ஆனால் ஒன்று. அப்படி வாங்கினால் நிலம் அவருடையது. பேருக்கு அவர், உண்மையில் நான் என்று மனதில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்ட கணவர்களையும் பார்த்திருக்கிறேன், அதை வைத்துக் குடும்பத்தையே தூக்கி நிறுத்திய மனைவிகளை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி, மனைவி வாங்குவதாகவே வைத்துக்கொண்டு, தவணை விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது விலையோ ஊரோ இல்லை. பத்திரம் கடைசியில் என்ற அந்த வரிசைதான்.

நில உரிமையாளரே கடன் கொடுத்தவர் போல இருந்து, தவணையாக வாங்கிக்கொள்வது நம் ஊரில் புதிதில்லை. வங்கி எட்டிப் பார்க்காத நிலத்துக்கு இதுதான் வழி. வாங்குபவருக்குச் சௌகரியம், விற்பவருக்கும் கொஞ்சம் கூடுதல் காசு. ஆனால் அவர் சொல்கிறபடி செய்தால் மூன்று வருடம் உங்கள் பணம் அவரிடம், நிலமும் அவரிடம். கையில் இருப்பது ஒரு ஸ்டாம்பு பேப்பர். சொத்து மாற்றுச் சட்டம் 1882இல் ஒரு வரி இருக்கிறது. விற்பதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டதால் மட்டும் அந்தச் சொத்தில் வாங்குபவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும். 20ஆவது தவணை கட்டிய மறுநாள் அவர் காலமானால்? அவர் பேரில் யாராவது பணக் கேஸ் போட்டு நிலத்தை ஜப்தி செய்தால்? விலை ஏறிவிட்டது என்று வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால்?

என்னிடம் ஒருவர் 40 பக்க நோட்டு ஒன்று கொண்டுவந்தார். ஒவ்வொரு மாதமும் அவர் அப்பா பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, விற்றவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். தேதி, தொகை, கையெழுத்து, அவ்வளவு அழகு. எந்த நிலத்துக்கு என்பதுதான் நோட்டில் எங்கேயும் இல்லை. விற்றவர் இறந்த பிறகு மகன்கள், "அப்பா வாங்கிய கைமாத்துக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்த கணக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் நில விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை, நிறைவேற்றக் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. உண்மைதான், பத்திர எழுத்தர் யாராவது அதைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்தவும் கூடும். ஆனால் பதியாத காகிதம், நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. அடுத்து வாங்க வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் "சுத்தம்" என்று வரும். அவர் வாங்கிவிடுவார். நீங்கள் வழக்கு நம்பரோடு அலைய வேண்டியதுதான்.

நான் சொல்வது இதைத் திருப்பிப் போடுங்கள் என்பது. பத்திரம் முதலில், தவணை பின்னால். 3 லட்சம் கொடுக்கிற அன்றே கிரயப் பத்திரம் உங்கள் மனைவி பெயரில் பதிவாகட்டும். மீதித் தொகைக்கு அதே நிலத்தை விற்றவருக்கே அடமானமாக உங்கள் மனைவி எழுதிக் கொடுத்து, அதையும் பதியட்டும். தவணை எத்தனை, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் என்று அந்த அடமானப் பத்திரத்தில் இருக்கும். கட்டி முடித்ததும் அவர் ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். கட்டாமல் போனால் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர அவருக்குச் சட்டப்படி வழி இருக்கிறது. அவருக்கு இதில் என்ன நஷ்டம்? "என் நிலம் போய்விடும், பணம் வராது" என்று பயப்படுவார். அந்தப் பயத்துக்குத்தான் அடமானம். உண்மையில் விற்கிற எண்ணம் உள்ளவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொள்வார். "அதெல்லாம் நம்ம ஊர்ல பழக்கம் இல்லைப்பா" என்று ஒரேயடியாக மறுத்தால், அவர் மறுத்ததிலிருந்தே உங்களுக்கு ஒரு சேதி கிடைத்துவிடும்.

இப்போது அந்த "வட்டி இல்லை". ரொக்கம் 10 லட்சம். நீங்கள் 3 லட்சம் கொடுத்தால் பாக்கி 7 லட்சம். அதற்கு 36 மாதம் 25,000 என்றால் 9 லட்சம். இந்த 2 லட்சத்துக்கு வட்டி என்று பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் சுமார் 1 ரூபாய் 43 காசு, ஆண்டுக்கு 17 சதவீதம். ஊர்ப் பேச்சில் ஒன்றரை வட்டிக்குக் கொஞ்சம் குறைவு. கந்துவட்டி இல்லை, அநியாயமும் இல்லை. ஆனால் வட்டிதான். அப்படித் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். இடையில் போனஸ் வந்து மொத்தமாகக் கட்டினால் மிச்ச மாதத்து வட்டியைக் கழிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். "வட்டியே இல்லையே, எதைக் கழிப்பது?" என்று கேட்க இடம் வைக்காதீர்கள்.

இதில் பதிவுச் செலவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் 12 லட்சம் என்று எழுதினால் 1,08,000 ரூபாய். நில விலை 10 லட்சம், 2 லட்சம் வட்டி என்று உள்ளதை உள்ளபடி பிரித்து, வட்டியை அடமானப் பத்திரத்தில் காட்டினால் கிரயம் 10 லட்சத்துக்குத்தான். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் அதற்குள் இருந்தால் 80,000தான் ஆகும். அடமானத்துக்குத் தனிச் செலவு உண்டு என்றாலும் இதைவிடச் சிறியது. விற்பவர் இதற்கு முகம் சுளிக்கலாம். கிராமத்து விவசாய நிலம் விற்ற லாபத்துக்கு அவருக்கு வரி இல்லை, வட்டி என்று காட்டினால் வருமானக் கணக்கில் வரும். பேசிப் பாருங்கள்.

அக்காமார் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான், ஆனால் நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நிலம் அவருடைய அப்பா வாங்கியது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்ததால் மகளின் பங்கு போய்விடாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. அம்மா உயிரோடு இருந்தால் அவரையும் சேர்த்து நான்கு பங்கு, உங்களுக்கு விற்பவர் கையில் இருப்பது கால் பங்கு! பட்டா இவர் ஒருவர் பெயரில் மாறியிருப்பதால் பங்கு கூடிவிடாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் இல்லை. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அதற்கு முன்பே அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். "அக்கா ஒண்ணும் சொல்லாது" என்பது எனக்குப் போதாது. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், அக்கா மருமகன் சொல்வார்.

நிலம் ஏன் இந்த விலைக்கு வருகிறது என்றும் கேளுங்கள். மலிவு நிலத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். சில சமயம் அது தாங்கக்கூடிய காரணம். தண்ணீர் இல்லை, ஊரை விட்டு ஒதுக்கம், அவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. வண்டிப் பாதை அடுத்தவர் வயல் வழியாக, அவர் தயவில் இருக்கிறதா, நில அளவை வரைபடமான புலப்படத்தில் பாதை தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1 ஏக்கர் 10 சென்டில் ஓடைப் புறம்போக்கு எத்தனை சென்ட் சேர்ந்திருக்கிறது என்பது சர்வேயரை வைத்து அளந்தால்தான் தெரியும். அப்பா வாங்கிய மூலப் பத்திரத்தின் அசலை உங்கள் மனைவி கையில் வாங்கிப் பார்க்கட்டும், ஜெராக்ஸ் வேண்டாம். அசலை யாரிடமாவது வைத்துக் கைக்கடன் வாங்கியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் வராமலும் போகலாம். வில்லங்கச் சான்றை அப்பா வாங்கிய தேதிக்கு முன்னாலிருந்து போடுங்கள்.

பணம் போகிற பாதை எளிது. சிங்கப்பூரிலிருந்து வங்கி வழியாகவோ உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனம் வழியாகவோ மனைவி கணக்குக்கு, அங்கிருந்து விற்பவர் கணக்குக்கு. நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் தலையில் விழும். இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னால் அவரே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுப்பார்.

இன்னொன்று, இது சட்டம் இல்லை, பிழைப்பு. எஸ் பாஸ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான் தருகிறார்கள். உங்கள் தவணை மூன்று வருடம். நடுவில் ஒரு புதுப்பிப்பு இருக்கிறது. பட்டறையில் வேலை குறைந்தாலோ ஓவர்டைம் நின்றாலோ என்ன ஆகும் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் கடன்காரராகக் கையெழுத்துப் போடப் போவது அவர். ஒன்றிரண்டு மாதம் தவறினால் எல்லாம் போச்சு என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு மூன்று மாதம் வரை தாமதம் பொறுக்க வேண்டும், அதற்கு வட்டி இவ்வளவு என்று எழுதுங்கள். கையில் ஆறு தவணைக்கான பணம் தனியாக இல்லாமல் இதில் இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் முதலில் பத்திரம் போட மாட்டேன் என்று உறுதியாக நின்று, உங்களுக்கும் அந்த நிலம்தான் வேண்டும் என்றால், குறைந்தபட்சம் மனைவி பெயரில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அக்காமார் உட்பட வாரிசுகள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளையும் அது கட்டுப்படுத்தும் என்றும், கட்டிய பணத்துக்கு அந்த நிலமே பொறுப்பு என்றும் வரி இருக்கட்டும். கடைசித் தவணை கட்டி முடித்தும் அவர் எழுதித் தரவில்லை என்றால் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. ஆனால் இது இரண்டாம் தர வழி என்பதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், என் பெயரில்தான் ஏதாவது வேண்டும் என்றால் வீட்டு மனை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் போனால் செல்போனில் வீடியோ காட்டி மனை விற்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் "ஃபார்ம் லேண்ட், சென்ட் கணக்கு, சுலபத் தவணை" என்பார்கள். வேலி போட்டுக் கல் நட்டாலும் அது விவசாய நிலம்தான், உங்களுக்கு ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபியின் அங்கீகாரமும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி பதிவும் கேளுங்கள். ரெரா சட்டப்படி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் ஒப்பந்தம் எழுதிப் பதிந்தாக வேண்டும், அந்த ஒரு வரியைச் சொல்லிக் கேட்டாலே பலர் வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுச் சொத்துக்கு இடைத்தரகு செய்பவரும் சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் இங்குள்ள சிஇஏ அமைப்பில் பதிந்த முகவராக இருக்க வேண்டும். பெயரைப் போட்டு அதன் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். மனையை உங்கள் பெயரில் தவணையில் வாங்கினால் பணம், வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து போகட்டும்.

பங்குனி லீவில் போகிறீர்கள். முன்பணத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதற்குள் மனைவியை அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, வாரிசுச் சான்றிதழின் நகலையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். திருவிழா விடுமுறையை ஒட்டிப் போகாமல் தாலுகா அலுவலகம் திறந்திருக்கிற நாளாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். போனதும் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டாம். அந்த இரண்டு அக்காமாரின் வீட்டுக்கும் மனைவியோடு ஒருமுறை போய்வாருங்கள்.